கடைசிக் குப்பியின் தாய்கள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாத்திரம் கழுவும் தொட்டியில். கிளெர்மோன்-ஃபெரான் நகரில், பழ ஈக்களை வளர்த்து ஆராயும் ஒரு கூடத்தின் கீழ்த்தளத்தில், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு எஃகுத் தொட்டி ஒன்று இருக்கிறது. நாளொன்றுக்கு நானூறு குப்பி அதில் விழும். ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த சோளக்கஞ்சி, செத்த ஈ, புழுக்கூடு. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான். போன திங்கட்கிழமை வரை அப்படி ஒரு உத்தேசமே கிடையாது. இப்போது எழுதாமல் முடியாது என்று ஆகிவிட்டது. அதில் எனக்கு எரிச்சல்தானே தவிர எந்தப் பெருமையும் இல்லை.

தொடக்கத்தை மட்டும் ஐந்து தடவை எழுதினேன்.

"உயிரின் ஆழத்தில் ஓயாத யுத்தம் ஒன்று —"

(வேண்டாம். யுத்தம் என்று எழுதியவுடனே யாரோ மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமுவது கேட்கிறது.)

"நுண்ணோக்கியில் கண்ணை வைத்த நொயெமி திடுக்கிட்டாள். அங்கே அவள் கண்டது —"

(விஞ்ஞானக் கதை என்றால் யாராவது நுண்ணோக்கியைப் பார்த்துத் திடுக்கிட்டே ஆக வேண்டுமா? அங்கே ஒருவரும் திடுக்கிடுவதில்லை. ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள்.)

"முட்டைகள் பொரிந்துவிட்டன."

இது இருக்கட்டும். இதற்கு மேல் யோசித்தால் அடுப்பில் இருக்கும் கஞ்சி அடிப்பிடித்துவிடும்.

முட்டைகள் பொரிந்துவிட்டன. பொரிந்திருக்கக் கூடாது. ஆய்வு மாணவி நொயெமி ஷாசேன், வயது இருபத்தெட்டு, திராட்சைச் சாறு ஊற்றி உறையவைத்த தட்டின் மேல் வரிசை வரிசையாக அடுக்கியிருந்த இருநூறு முட்டைகளை எண்ணினாள். நூற்றுப் பதினேழு வெறும் கூடு. உள்ளேயிருந்த புழு கிளம்பிப் போய்விட்டது. பதினான்கு பதினைந்துக்கு மேல் பொரிந்திருந்தாலே தப்பு. கெட்ட வார்த்தை. மறுபடி எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

2

முட்டை பொரிந்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் இந்த இரண்டாம் பகுதி. கதைக்குள் பாடம் நடத்துவது எனக்கும் பிடிக்காது. பிடிக்காதவர்கள் மூன்றுக்குத் தாவலாம். ஆனால் அங்கே ஒன்றும் புரியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

ஈயின் மரபணுச் சரத்தில் சில துண்டுகள் ஓரிடத்தில் ஒழுங்காக உட்காராது. தன்னைத்தானே நகல் எடுத்து, அந்த நகலைக் கொண்டுபோய் வேறு எங்காவது செருகும். செருகிய இடத்தில் முக்கியமான மரபணு ஒன்று இருந்தால் அது நாசம். சினைப்பைக்குள் இந்தத் தாவல் நடந்தால் முட்டை கெடும், வம்சம் நிற்கும். அப்படியானால் ஈ இனம் இத்தனை காலம் எப்படிப் பிழைத்தது? குட்டி ஆர்.என்.ஏ.க்கள். இருபத்துச் சொச்சம் எழுத்து நீளமுள்ள சின்னஞ்சிறு துணுக்குகள். ஒவ்வொன்றும் காவல்காரன் கையில் கொடுத்த அடையாளச் சீட்டு. சீட்டில் உள்ள எழுத்தோடு தாவும் துண்டின் எழுத்து பொருந்தினால் காவல் புரதம் அதை வெட்டிப் போடும். இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு எத்தனையோ வருடம் பிடித்தது. நீங்கள் ஒரு பத்தியில் படித்துவிட்டீர்கள், சந்தோஷம்.

இனிமேல்தான் கதைக்கு வேண்டிய விஷயம். இந்தச் சீட்டுகளை மகளுக்குக் கொடுப்பவள் அம்மா. முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறாள். அப்பன் தன் மரபணுவைத் தருவான்; சீட்டு தர மாட்டான். அவனுடைய விந்தில் அதற்கு இடமில்லை.

நொயெமியிடம் இரண்டு குலம் ஈக்கள் இருந்தன. செங்கண் குலத்தில் தாவும் துண்டு நிறைய உண்டு, அதை அடக்கும் சீட்டும் உண்டு. வெள்ளைக்கண் குலத்தில் அந்தத் துண்டும் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி சீட்டும் கிடையாது. செங்கண் அம்மாவுக்கும் வெள்ளைக்கண் அப்பனுக்கும் பிறந்த மகளுக்கு ஒரு குறையும் வராது; அம்மா காவல் வைத்து அனுப்பிவிட்டாள். திருப்பிப் போடுங்கள். வெள்ளைக்கண் அம்மா, செங்கண் அப்பன். அப்பன் வழியாகத் துண்டு உள்ளே வந்துவிட்டது, அம்மாவிடமிருந்து காவல் வரவில்லை. துண்டு இஷ்டத்துக்குத் தாவும். அந்த மகள் பார்க்க லட்சணமாக இருப்பாள், முட்டையும் நிறைய இடுவாள். ஒன்றும் பொரியாது.

நொயெமியின் ஆய்வே அந்த மகள்களைப் பற்றியது. துண்டு எந்த மணி நேரத்தில், எந்த உயிரணுவில் முதல் தாவல் தாவுகிறது என்று பிடிக்க வேண்டும். அதற்காக வெள்ளைக்கண் குலத்துக்குள் ஒளிரும் அடையாளங்களைச் செருகிப் புதுப் புது வரிசைகள் உண்டாக்கினாள். அதற்கே இரண்டரை வருடம். எல்லாம் தயாரானதும் மகள்களைப் பிறப்பித்து முட்டையை எண்ணினால், பாதிக்கு மேல் பொரிகிறது. துண்டு தாவவே இல்லை. தாவாத ஒன்றைத் தாவும்போது பிடிப்பது எப்படி?

அவளுடைய ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது.

3

இந்த இடத்தில் ஓர் உரையாடல் தேவை. தியெரி பெர்தியே, ஆய்வு நெறியாளர். எட்டு வருடத்துக்கு முன் இதே குலங்களை வைத்து, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பொரியவில்லை என்று கட்டுரை போட்டவர். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். மனிதர் அதற்கும் ஒத்துழைக்கவில்லை. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் கொண்டுவருகிறார்.

"கன்னி பிரிக்கத் தெரியலன்னா சொல்லும்மா. வெக்கப்படாத, நானே பக்கத்துல உக்காந்து கத்துத் தரேன்" என்றார் தியெரி. (கன்னி பிரிப்பது என்றால், ஆண் ஈயோடு சேர்வதற்கு முன்பே பெண் ஈக்களைத் தனியே எடுத்துவைப்பது.)

"மூணு வருஷமா பிரிக்கிறேன் தியெரி. காலையில ஏழு மணிக்கு ஒரு தடவ, சாயங்காலம் ஆறுக்கு ஒரு தடவ. ஞாயித்துக்கிழமையும் சேத்து."

"ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும். அம்மா ஏற்கெனவே நம்ம வெள்ளைக்கண் பயகிட்ட போய்ட்டு வந்திருந்தா, மகளுக்கு என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. முட்டை ஜோராப் பொரியும்."

"அப்படின்னா மகளுக்கு வெள்ளைக்கண்ணுல்ல இருக்கணும்? வந்து பாருங்க. அறுநூறு மகளுங்க. அறுநூறுக்கும் செங்கண்ணு. ஒரே ஒரு வெள்ளக்கண்ணு காட்டுங்க, நான் இப்பவே பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புறேன்."

தியெரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அப்பனுங்க மேல சந்தேகம். துண்டு செத்துப்போயிருக்கும்."

"தூர் நகரத்துலேருந்து வேற வெள்ளைக்கண் வரவழைச்சு, நம்ம அப்பனுங்களோட சேத்துப் பாத்துட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பொரியல. அப்பனுங்க நல்லாத்தான் இருக்கானுங்க. நம்ம அம்மாக்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு."

"அம்மாக்களுக்கு என்ன ஆகும்? நாப்பது வருஷமா இதே அலமாரியில இருக்கு. யாரு கை வச்சா?"

"நானா கை வச்சேன்?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லலதான். ஆனா எட்டு வருஷம் முன்னாடி நீங்க எண்ணினப்ப சரியா இருந்துது, இப்ப நான் எண்ணும்போது தப்பா இருக்குது. நடுவுல வேற யாரு இருக்கா? நான்தான இருக்கேன்?"

* அடிக்குறிப்பு: தூர் நகரத்து ஈயை வைத்தே வேலையைத் தொடரலாமே என்று புத்திசாலி வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். ஒளிரும் அடையாளமெல்லாம் நம் வெள்ளைக்கண்ணுக்குள் செருகியாகிவிட்டது. புதிதாகச் செருக இன்னொரு இரண்டரை வருடம். டிசம்பர் முடிய ஆறு வாரம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

4

இப்போது லுசெத் பிரச்சினை.

லுசெத் இந்தக் கதையில் ஒரு சின்னப் பாத்திரம். முதல் பிரதியிலிருந்து கீழ்த்தளத்தில் நின்றுகொண்டே இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது, தியேர் ஊர்க்காரி, முழங்கால் வலி, ஈக்களுக்குச் சமைப்பவள். சோளமாவு, ஈஸ்ட், சர்க்கரை, கடற்பாசி சேர்த்துப் பெரிய அண்டாவில் கிண்டி, குப்பிகளில் ஊற்றி, ஆறவைத்துப் பஞ்சால் அடைப்பாள். குப்பி கழுவுவதும் அவள்தான். ஆறு வருடத்துக்கு முன், ஈக்குலங்களைப் பராமரித்துவந்த ரெமோன் என்பவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. "ஈயை ஒரு குப்பியிலேர்ந்து இன்னொரு குப்பிக்குத் தட்டுறதுதானே" என்று அந்த வேலையும் லுசெத் தலையில் வந்து விழுந்தது.

இவளை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வசனம் கொடுத்தால் சொல்ல மாட்டாள். வெளியே அனுப்பினால் போக மாட்டாள். கவர்ச்சியாக ஒரு கடந்த காலம் எழுதிக் கொடுத்தேன், ஓடிப்போன கணவன், மார்செய் துறைமுகம், இத்யாதி. அதை அவள் குப்பியோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நீக்கிவிடலாம் என்று இரண்டு தடவை முழுசாக அடித்தேன். நீக்கினால் இந்தக் காட்சி நிற்க மாட்டேன் என்கிறது:

போன திங்கட்கிழமை காலை பத்து மணி, காப்பி நேரம். மேலே எல்லோரும் ஒன்றாக உட்காரும் மேசைக்குப் போக நொயெமிக்கு மனசில்லை. அவள் போனால் பேச்சு நின்று, எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். காப்பியைத் தூக்கிக்கொண்டு கீழே லுசெத்தின் சமையலறைக்கு வந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தாள்.

"உங்க சமையல்ல ஒண்ணும் மாத்தலயே?" என்று கேட்டாள், சிரிப்புக்காக.

"அதே மாவு. அதே ஈஸ்ட்" என்றாள் லுசெத்.

"ஒண்ணும் மாறலன்னா அது எப்படி மாறும்? பைத்தியம் பிடிக்குது." நொயெமி ஒரு பழைய ஆர்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் வட்டம் வரைந்தாள். "இது ஒரு அம்மா. மூணு நாள் வயசு. இவ முட்டையில சீட்டு கொஞ்சம்தான் வைப்பா. இதே அம்மாவுக்கு வயசாக ஆக சினைப்பையில சீட்டு ஏறிக்கிட்டே போவும். கெழவியாயிட்டா மகளுக்கு அள்ளிக் குடுப்பா. அந்த மகளும் கெழவியானப்புறம் பெத்தா, அவ இன்னும் கூடக் குடுப்பா. இப்படியே பத்து தலமொற கெழவிகிட்டயே எடுத்தா, குலமே சாதுவாயிடும். துண்டு தாவவே தாவாது. இது புதுசு ஒண்ணும் இல்ல, பழைய ஆளுங்க எழுதி வச்சதுதான். அதனாலதான் வெள்ளைக்கண் குலத்த மட்டும் எப்பவும் மூணு நாள் அம்மாகிட்டேருந்து எடுக்கணும்னு விதி. ரெமோனோட பைல்ல முதல் பக்கத்துலயே இருக்கு."

"ம்."

"நீங்களும் இளம் அம்மாகிட்டேருந்துதான எடுக்குறீங்க? மொதல் குப்பியிலேருந்து?"

"ஆமா" என்றாள் லுசெத்.

"தெரியும். சும்மா கேட்டேன்." நொயெமி தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். "ஒரு நிமிஷம் நம்பிட்டேன், பாருங்க. அது மட்டும் காரணமா இருந்தா எனக்கு இது தோல்வியே இல்ல. அப்படியே ஒரு ஆய்வேடு. யாரும் கையில வச்சிருக்காத அம்மாக்கள் என் அலமாரியில நிக்கிறாங்கன்னு அர்த்தம். சரி விடுங்க. வேற எதையாவது பாக்கணும்."

காப்பியைக் குடித்துவிட்டு மேலே போனாள்.

அவ்வளவுதான் காட்சி. இதில் லுசெத் சொன்னது பொய். இங்கேதான் எழுதுகிறவளுக்குத் தலைவலி. ஏன் பொய் சொன்னாள்? பொறாமை என்று எழுதிப் பார்த்தேன். லுசெத்துக்கு நொயெமியைப் பிடிக்கும். வேலை போய்விடும் என்ற பயமா? ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் நிரந்தர ஊழியரை யாரும் இதற்காக அனுப்ப மாட்டார்கள், அது லுசெத்துக்கும் தெரியும். தியெரியைப் பழிவாங்கவா? அவர் கொண்டுவரும் கேக்கில் இரண்டு துண்டு எடுப்பவள் அவள்தான். எந்தக் காரணமும் ஒட்டவில்லை. காரணம் இல்லாமல் ஒரு பாத்திரம் பொய் சொன்னால் வாசகர் நம்ப மாட்டார். வாசகர் நம்பாத பாத்திரத்தை —

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பொறுமை இல்லை.

5

லுசெத் என்று யாரும் இல்லை.

அந்தச் சமையலறையில் ஒரே ஆள்தான். தியேர் ஊர்க்காரி இல்லை, காரைக்கால்காரி. பெயர் சூசையம்மா. இருபத்திரண்டு வருடமாக இங்கே சூசான். முழங்கால் வலி மட்டும் நிஜம்.

மூன்றாம் மனுஷியாக எழுதினால் சுலபம் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒருத்தியை நிறுத்தி, அவள் வாயில் அந்த "ஆமா"வைப் போட்டுவிட்டு, ஏன் சொன்னாள் என்று நான் புருவத்தைச் சுருக்கி ஆராயலாம். எப்பேர்ப்பட்ட ஏமாற்று! நாலாம் பகுதியை இப்போது படித்துப் பார்த்தால் எனக்கே என் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

சரி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஈயைக் குப்பி மாற்றுவது இப்படி: பஞ்சைப் பிடுங்கி, புதுக் குப்பியைத் தலைகீழாக மேலே பொருத்தி, திருப்பி மேசையில் இரண்டு தட்டு தட்டினால் ஈக்கள் புதுக் குப்பிக்குள் இறங்கிவிடும். ஐந்து நாளுக்கு ஒரு தடவை. அதே அம்மாக்கள், புதுப் புதுக் குப்பிகள். முதல் குப்பியில் விழுந்த முட்டைகள் அவர்களுடைய இளமையில் இட்டவை. ஐந்தாவது குப்பியில் விழுந்தவை கிழவிகள் இட்டவை. அடுத்த தலைமுறையை எந்தக் குப்பியிலிருந்து தொடங்குவது?

எனக்கு யாரும் சொல்லவில்லை. ரெமோன் போகும்போது சாவியைக் கொடுத்தார், கையைக் குலுக்கினார், பூந்தொட்டி ஒன்றைப் பரிசாக வாங்கிக்கொண்டு போனார். பைல் மேலே தியெரி அறையில் இருந்தது. கீழே எனக்கு முன்னால் ஐந்து குப்பி இருந்தது. முதல் குப்பி பழசு, அடியில் பூஞ்சை பிடித்து நாற ஆரம்பித்திருக்கும். கடைசிக் குப்பி சுத்தமாக இருக்கும். எந்தச் சமையல்காரியும் நாறுகிற பாத்திரத்தைத்தான் முதலில் கழுவப் போடுவாள். நானும் போட்டேன். வருடத்துக்கு எட்டு ஒன்பது தலைமுறை, ஆறு வருடம். ஐம்பது தலைமுறையாகக் கிழட்டு அம்மாக்களிடமிருந்தே பிள்ளை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு அம்மாவும் தன் அம்மா கொடுத்ததற்கு மேல் கொஞ்சம் சேர்த்து மகளுக்குக் கொடுத்திருக்கிறாள். தாவும் துண்டு உள்ளே வந்தால் காலை நீட்டக்கூட இடமில்லாத அளவுக்குக் காவல். இதைச் செய்தவள் நான். சுத்தம் பார்த்துச் செய்தேன்.

இது குற்றமில்லை. இதை நான் தயங்காமல் எங்கும் சொல்வேன். தெரியாமல் நடந்தது, சொல்லித் தராதவர்கள் பங்கும் அதில் உண்டு.

குற்றம் அந்த "ஆமா".

நொயெமி பென்சிலால் வட்டம் போட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்டாள். இருபத்திரண்டு வருடமாக மேலேயிருந்து வருகிற எந்தக் கேள்விக்கும் என்னிடம் இருக்கும் ஒரே பதில் அது. அண்டாவைத் தேய்த்தாயிற்றா, ஆமா. பஞ்சு ஆர்டர் போட்டாயிற்றா, ஆமா. கேள்வி முழுசாகப் புரியாத ஆரம்ப வருடங்களில் பழகியது. புரிந்த பிறகும் நாக்கு விடவில்லை. இவ்வளவு அற்பமான காரணத்துக்கு ஒரு பெண்ணின் மூன்று வருடம் போகிறது என்று எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் லுசெத்தும் மார்செய் துறைமுகமும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம். ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று எழுந்து, முந்தின நாள் சொல்லாததையும் சேர்த்து இப்போது எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்துவிடுகிறேன்.

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று. குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் விழுந்துகிடக்கும் ஒரு குறிப்பேட்டை நொயெமி கண்டெடுக்கிறாள். எந்தக் குப்பியிலிருந்து எந்தத் தலைமுறை என்று அதில் தேதி வாரியாக —

(நான் குறிப்பேடு எழுதியதே இல்லை. குப்பியில் தேதி ஒட்டுவதோடு சரி, கழுவும்போது அதுவும் உரிந்துவிடும். இல்லாத குறிப்பேட்டைக் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் போட்டுவைப்பது என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. யாரோ கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.)

இரண்டு. சூசையம்மா மாடிப்படி ஏறிப் போகிறாள். எல்லோரும் இருக்கும் காப்பி மேசையில் உண்மையைச் சொல்கிறாள். ஒரு கணம் அமைதி. பிறகு நொயெமி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு —

(கட்டிக்கொள்ள மாட்டாள். "ஒரு வாரமாச் சும்மா இருந்தீங்களா?" என்று கேட்பாள். அதைக் கேட்காத முடிவு எனக்கு எதற்கு?)

மூன்று. வருகிற வியாழக்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. நொயெமியின் வேலையை நிறுத்திக்கொள்ளலாம் என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். அவள் ஒரியாக் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறாள். தனக்கு எண்ணத் தெரியாது என்று ஆயுள் முழுக்க நம்புகிறாள். வெள்ளைக்கண் குலம் கெட்டுவிட்டது என்று தியெரி எல்லாக் குப்பியையும் உறையவைத்துக் கொல்லச் சொல்கிறார். குப்பிகள் தொட்டிக்கு வருகின்றன. நான் கழுவுகிறேன்.

இதற்கு மட்டும் அடைப்புக்குறி போட்டு மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எதுவும் செய்யாமல் இருந்தால் கதை தன் பாட்டுக்குப் போய்ச் சேரும் இடம் இதுதான்.

7

இதுவரை எழுதியதெல்லாம் நேற்று வரைக்கும் எழுதியது. இன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரைக்கு நொயெமி கீழே வந்தாள். காப்பி இல்லை. கையில் ஒரு தாள்.

"சூசான், ரெண்டு நிமிஷம் இருக்கா? இத ஒரு தடவ படிச்சுப் பாருங்க. மேல யார்கிட்டயும் காட்ட முடியல. ரொம்பக் கெஞ்சுற மாதிரி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"என்ன இது?"

"குழுவுக்குக் கடுதாசி. தியெரிதான் சொன்னார். தப்பு என்னுதுன்னு நானே முன்வந்து எழுதிக் குடுத்துட்டா, விசாரணை அது இதுன்னு இழுக்க மாட்டாங்களாம். மரியாதையாப் போயிடலாமாம்."

"தப்பு உன்னுதுன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எல்லாத்தையும் சரி பாத்தாச்சு. அப்பனுங்க சரி, கண்ணு சரி, சாப்பாடு சரி, அம்மாக்கள எடுத்த விதம் சரி. மிச்சம் நான் ஒருத்திதான்." தாளை மேசையில் வைத்தாள். "பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன். கையெழுத்துப் போட்டுத் தியெரிகிட்டக் குடுக்கணும்."

படித்தேன். "கலப்புகளைக் கையாண்டதில் எனக்கு ஏற்பட்ட கவனக்குறைவே இந்த முரண்பட்ட எண்ணிக்கைகளுக்குக் காரணம் என்று ஏற்றுக்கொள்கிறேன்." கெஞ்சல் இல்லை. ஒரு பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூடக் காலை ஏழு மணிக்கு வந்து ஈ பிரித்தவள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாள். எழுதியதை அவளே நம்பியும் விட்டாள். என்னால் தாங்க முடியாதது அந்த நம்பிக்கைதான்.

அடுப்பை அணைத்துவிட்டேன். கஞ்சி பாதியில் நிற்கிறது, இன்றைக்கு ஈக்கள் பழைய குப்பியிலேயே இருக்கட்டும். ஆர்டர் தாள்களின் பின்பக்கத்தில் இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அஞ்சாம் பகுதியை நேற்று எழுதி முடித்தபோது எனக்கு மனசு லேசாகிவிட்டது. நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் சொல்லியாகிவிட்டது என்ற நினைப்போடேயே வேலைக்கு வந்தேன். யாரிடம் சொன்னேன்? உங்களிடம். நொயெமியின் பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிற உங்களிடம், இந்தக் கட்டடத்தில் ஒரு ஜீவனுக்கும் வாசிக்கத் தெரியாத தமிழில். நல்ல இடமாகப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு முடிவு கிடையாது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கோபப்பட்டால் படுங்கள், நியாயம்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை இங்கே ஒரு வரியாக எழுதிவிட்டால், எழுதியதே போதும் என்று கை ஓய்ந்துவிடும். என்னை எனக்குத் தெரியும். அவள் கேட்பாள், நான் "ஆமா, நல்லா இருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முடிவை முதலில் கேட்க வேண்டியவள் அவள். அவள் கேட்ட பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால் உங்களுக்கு.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது.

"சூசான், படிச்சிட்டீங்களா?"

பேனாவை வைக்கிறேன். மீதி பிரெஞ்சில்.